செல்லரித்த சுவடி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்று காதில் பட்டால் போதும், திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஆனி, ஆடி மாதங்களில் மலையாளக் கரையிலே கொட்டித் தீர்க்கிற மழை, செங்கோட்டைக் கணவாய் வழியாக நம் பக்கம் எட்டிப் பார்க்கும்போது பூந்தூறலாகிவிடுகிறது. தென்காசியில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் முகத்தில் அந்தத் தூறல் பட்டதுமே பாதிக் கவலை போய்விடும். மீதிக் கவலையை அருவி பார்த்துக்கொள்ளும். அருவித் தண்ணீருக்கு என்ன அப்படி ஒரு மகிமை என்று பெரியவர்களைக் கேட்டால், "மலை மேலே எத்தனை மூலிகை இருக்கிறது, அத்தனையையும் தழுவிக்கொண்டு வருகிறதல்லவா?" என்று பதில் வரும்.

அந்த மலைத்தொடரின் மூலிகைகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேச்சு தொடங்குகிறது. அதன் பெயர் நீரடிமுத்து. பெரிய நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் கொட்டை அது. கணவாயைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் இறங்கிவிட்டால் அதற்கு மரோட்டி என்று பெயர். மலையாளத்து வீடுகளில் அந்த எண்ணெயை விளக்குக்கு ஊற்றுவார்கள். நம் சித்த வைத்தியர்களோ அதை வேறு ஓர் இருட்டைப் போக்கப் பயன்படுத்தினார்கள். பெருநோய் என்றும் குட்டம் என்றும் பெயர் சொல்லவே நாக்கூசிய வியாதிக்கு நீரடிமுத்து எண்ணெய்தான் அவர்கள் கையிலிருந்த மருந்து.

குற்றாலத்து மலைகளின் செடிகொடிகளை 1830-களில் ஒரு வெள்ளைக்காரர் நடந்து நடந்து ஆராய்ந்தார். ராபர்ட் வைட் என்று பெயர், ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனிப் பட்டாளத்து வைத்தியர். கம்பெனியார் குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டிருந்த காலம் அது. தென்னாட்டுத் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். வைட் துரையிடம் ஒரு நல்ல குணம் இருந்தது: ஓவியன் பெயரை மறைக்கவில்லை. ஓர் ஆர்கிட் செடிக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். பிறகு ஒரு தாவர சாஸ்திரி, நமது நீரடிமுத்து மரத்துக்கு வைட்டின் பெயரைச் சூட்டி 'ஹிட்னோகார்பஸ் வைட்டியானா' ஆக்கினார். இப்படி மரத்துக்கும் செடிக்கும் படம் எழுதியவனுக்கும் பெயர் கிடைத்தது. நோயாளிக்கு மட்டும் ஒரே பெயர்தான்: குஷ்டரோகி. பெற்றோர் வைத்த பெயரை அந்த ஒரு சொல் விழுங்கிவிட்டது.

அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு வெறுப்பு அடங்கியிருந்தது என்பதை அறிய, 1954-இல் வெளிவந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தை நினைத்துக்கொண்டால் போதும். எம். ஆர். ராதா நாடக மேடையிலும் பிறகு திரையிலும் அந்த வேஷத்தில் நின்றபோது தமிழ்நாடே கலங்கிற்று. கெட்ட வழியில் போன மனிதனைப் பெருநோய் வந்து தண்டிக்கிறது என்ற கதை, கொட்டகையில் இருந்த எவருக்கும் விநோதமாகப் படவில்லை. வியாதி என்றால் பாவம், பாவம் என்றால் தண்டனை. இது நம் ஜனங்கள் வெகு காலமாக மனப்பாடம் செய்திருந்த சூத்திரம்.

சூத்திரம் பிழை என்று கண்டுபிடித்து அப்போது 81 வருஷங்கள் ஆகியிருந்தன! 1873-இல் நார்வே தேசத்துப் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்ஸன் என்ற வைத்தியர், நோயாளிகளின் சதையில் குச்சி போன்ற கிருமிகளைக் கண்டார். பரம்பரை நோய் அல்ல, தெய்வக் குற்றமும் அல்ல, ஒரு கிருமியின் வேலை என்பது அன்றே வெளியாயிற்று. 1940-களில் செங்கல்பட்டுக்கு அடுத்த திருமணியில் ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர் ஸல்போன் வகை மருந்துகளைக் கையாண்டு, நீரடிமுத்து எண்ணெய் சாதிக்காததைச் சாதிக்கும் வழியைத் திறந்தார். வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை நிபுணர், விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி மரத்துப்போய்ச் சூடும் காயமும் தெரியாமல் தேய்கின்றன என்று காட்டி, மடங்கிய கைகளை நிமிர்த்திக் கொடுத்தார். 1981-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்தது. அதன் பிறகு பெருநோய் முழுக்கக் குணமாகும் வியாதி ஆகிவிட்டது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் கிருமி யார் என்று மட்டும் தெரியவில்லை. வைத்திய உலகில் இதைப் போன்ற விசித்திரம் குறைவு. மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கண்ணாடித் தட்டில் கஞ்சி ஊற்றி வளர்க்கலாம். ஹான்ஸன் கண்ட கிருமி எந்தத் தட்டிலும் வளரவில்லை. இன்று வரை வளர்ந்ததில்லை. மனித உடலுக்குள்ளும் அது ஆமை வேகம். குடலில் வாழும் சாதாரணக் கிருமி 20 நிமிஷத்தில் இரண்டாகிவிடும். க்ஷயரோகக் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். பெருநோய்க் கிருமிக்கோ சுமார் 14 நாள்! நோய் ஒட்டி, வெளியே தெரிவதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. எங்கே, யாரிடமிருந்து வந்தது என்று நோயாளியாலும் சொல்ல முடியாது, வைத்தியராலும் சொல்ல முடியாது.

கடைசியில் உதவிக்கு வந்தது ஓர் அமெரிக்கப் பிராணி. நம் மலைக்காடுகளில் உள்ள அழுங்கைப் போல முதுகிலே கவசம் போர்த்தது. ஆர்மடில்லோ என்று பெயர். அதன் உடற்சூடு மற்றப் பாலூட்டிகளைவிடக் குறைவு. குளிர்ந்த இடம் தேடும் இந்தக் கிருமிக்கு அந்த உடம்பு பிடித்துப்போயிற்று. 1971-இல் இது தெரிய வந்த பின், ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவு கிருமி கிடைத்தது. அப்படிப் பெருக்கப்பட்ட கிருமி வம்சங்களில் ஒன்று, தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டது. விஞ்ஞானிகள் அதற்கு 'டி.என்.' என்று குறி வைத்தார்கள். நம் ஊர் மோட்டார் வண்டிகளின் நெற்றியில் இருக்கிறதே, அதே டி.என்.தான், தமிழ்நாடு என்பதன் சுருக்கம். உலகத்திலேயே முதன்முதலாக முழுவதும் வாசிக்கப்பட்ட பெருநோய்க் கிருமி இந்த டி.என். வம்சந்தான்.

'வாசிக்கப்பட்ட' என்று சொன்னேன். கிருமியை எப்படி வாசிப்பது என்று கேட்கத் தோன்றும். இதைப் புரிந்துகொள்ள நமக்கு மேல்நாட்டு உபமானம் வேண்டியதில்லை. உ. வே. சாமிநாதையர் திருநெல்வேலிச் சீமையில் ஏடு தேடி அலைந்தது எல்லாரும் அறிந்த கதை. ஒரே நூலுக்குப் பத்துப் பிரதி கிடைத்தால் பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பார். ஒன்றில் செல் அரித்திருக்கும். இன்னொன்றில் எழுதினவர் தூங்கி வழிந்து ஒரு வரியை விட்டிருப்பார். மற்றொன்றில் அதே வரி இரண்டு தரம் வந்திருக்கும். இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று கண்டுகொள்ளலாம். தப்புகளே வம்சாவளியைச் சொல்லும் சாட்சிகள். குற்றாலத்தில் குடியிருந்து 1954-இல் அங்கேயே மறைந்த ரசிகமணி டி. கே. சி.யும் கம்பனை எடுத்துக்கொண்டு, எது கவியின் வாக்கு, எது இடைச்செருகல் என்று ஓயாமல் பிரித்துக்கொண்டிருந்தவர். அவர் காதை நம்பினார். ஐயர் ஏட்டை நம்பினார். இருவர் கேள்வியும் ஒன்றுதான்: கைக்குக் கை மாறி வந்த எழுத்தில் என்ன நடந்தது?

உயிர்களுக்குள்ளும் ஒரு சுவடி இருக்கிறது. அதிலே நாலே எழுத்து. விஞ்ஞானிகள் அவற்றை ஏ, சி, ஜி, டி என்கிறார்கள். இந்த நாலு எழுத்தும் லட்சக் கணக்கில் மாறி மாறி வந்து, ஓர் உயிரை எப்படிக் கட்ட வேண்டும், எப்படி நடத்த வேண்டும் என்ற விதிகளாக அமைகின்றன. ஒவ்வொரு விதிக்கும் ஜீன் என்று பெயர். முழுச் சுவடிதான் ஜீனோம். கிருமி இரண்டாகும் போதெல்லாம் சுவடிக்கு ஒரு பிரதி எழுதப்படுகிறது. எழுதுவது எவ்வளவு கவனமாக இருந்தாலும் எப்போதோ ஒரு பிழை விழுகிறது. அந்தச் சுவடியைத் துண்டு துண்டாகத்தான் கருவிகள் படித்துத் தருகின்றன. துண்டுகளைச் சேர்த்து, விதி எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று கண்டு, மற்றச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கல்விக்கு உயிர்த் தகவலியல் என்று இன்று பெயர். ஐயருக்கு விசிறியும் விளக்கும் துணை; இவர்களுக்குக் கம்ப்யூட்டர் துணை.

இந்தப் புதுக் கல்வியில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் ஜூலியன் பார்க்ஹில் என்ற ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜுக்கு அருகில் உள்ள சாங்கர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். அவர் பேரில் ஊர் ஊராகச் சிலை வைக்கமாட்டார்கள். நோயாளிக்கு ஊசி போடுகிற வேலை அல்ல அது, திரைக்கு முன் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிற வேலை. ஆனால் அவர் கூட்டிய எழுத்துகள் என்ன தெரியுமா? 1998-இல் க்ஷயரோகக் கிருமியின் சுவடி வெளியாயிற்று. பிரான்ஸ் தேசத்துப் பாஸ்டர் நிலையத்து ஸ்டூவர்ட் கோல் தலைமை வகித்த அந்த ஆராய்ச்சியில் பார்க்ஹில் முக்கியப் பங்காளி. 2001-ஆம் ஆண்டு ஒன்றிலேயே மூன்று சுவடிகள்: பிப்ரவரியில் கோலுடன் சேர்ந்து பெருநோய், அக்டோபரில் தாமே முன்னின்று பிளேக், அதே மாதத்தில் டைபாய்டு. நம் பாட்டிமார் பெயரைச் சொன்னாலே "நாராயணா!" என்று காதைப் பொத்திக்கொண்ட வியாதிகள் அவை.

இன்னொன்றும் அவர்கள் செய்தார்கள். சுவடியைத் திரையில் விரித்து, ஜீன்களைக் குறித்துக்கொண்டே படிக்க உதவும் 'ஆர்டெமிஸ்' என்ற கம்ப்யூட்டர் நிரலைக் கிம் ரதர்போர்டும் பார்க்ஹிலும் சகாக்களும் 2000-இல் வெளியிட்டார்கள். காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுத்தார்கள். வாசித்த சுவடிகளையும் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஏட்டைப் பரணில் பதுக்கி வைத்துக்கொண்டு, கேட்டவர்களைத் திருப்பி அனுப்பிய சில பண்டித வீடுகளை நினைக்கும்போது இதன் பெருமை விளங்கும்.

சரி, தமிழ்நாட்டுக் கிருமியின் சுவடியில் என்ன எழுதியிருந்தது?

படித்தவர்கள் திகைத்துப்போனார்கள். க்ஷயரோகக் கிருமி பெருநோய்க் கிருமிக்குத் தாயாதி. அதன் சுவடியில் 44,11,529 எழுத்து. சுமார் 4,000 ஜீன்கள். வீணான இடம் கொஞ்சந்தான். பெருநோய்க் கிருமியின் சுவடியிலோ 32,68,203 எழுத்து. அதாவது ஒரு பெரிய பகுதி ஏற்கெனவே உதிர்ந்துவிட்டிருக்கிறது. மிஞ்சினதும் உருப்படியாக இல்லை. வேலை செய்கிற ஜீன்கள் 1,600-க்குச் சற்று மேலே. செத்துப்போன ஜீன்கள் 1,116! அவை இருந்த இடம் தெரிகிறது. தலைப்பும் அடையாளம் தெரிகிறது. ஆனால் நடுவிலே ஓட்டை, எழுத்துப் பிறழ்ச்சி, அர்த்தம் இல்லை. சுவடியில் பாதிக்குக் கீழேதான் படிக்கத்தக்க வாசகம். செல்லரித்த ஏடு என்றால் இதுதான்.

தட்டிலே இந்தக் கிருமி ஏன் வளரவில்லை என்ற நூறு வருஷத்துப் புதிருக்கு இதிலே விடை கிடைத்தது. தனியாகப் பிழைப்பதற்கு வேண்டிய சாமர்த்தியங்களை அது தொலைத்துவிட்டது. மனித உடம்பின் செல்லுக்குள்ளே ஒண்டுக் குடித்தனம் புகுந்துகொண்டது. வேண்டியதெல்லாம் அங்கேயே கிடைத்தது. தேவைப்படாத ஜீனில் பிழை விழுந்தாலும் கிருமிக்கு நஷ்டம் இல்லை. ஆகவே பிழை நிலைத்தது. பிள்ளையில்லா மாமன் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன் கணக்கு வழக்கு, உழவு, வியாபாரம் எல்லாவற்றையும் மறந்துபோவதில்லையா? அந்த மாதிரி. டைபாய்டுக் கிருமியின் சுவடியிலும் இப்படிச் செத்த ஜீன்கள் 204 இருந்தன. பிளேக் கிருமியில் 149. பழைய வாழ்க்கையை விட்டுப் புது இடத்துக்குக் குடி வந்த கிருமிகளின் சுவடி எல்லாமே அங்கங்கே அரித்திருக்கிறது. பெருநோய்க் கிருமி அந்த வழியில் எல்லாரையும்விடத் தூரம் போய்விட்ட பிராணி.

பெருநோய் என்று நாம் பெயர் வைத்தோம். பெரியது நோய் அல்ல, நம் பயந்தான். 100 பேரில் 95 பேரை இந்தக் கிருமி ஒன்றும் செய்ய முடியாது என்று வைத்தியர்கள் சொல்லி வருகிறார்கள். அந்தக் கையாலாகாத கிருமிக்குப் பயந்து அண்ணனைத் தம்பி வீட்டை விட்டுத் துரத்தினான். மனைவியைப் புருஷன் கைவிட்டான். கோயில் வாசல்களில் தகரக் குவளைகளோடு ஒரு தனி ஜாதியே உட்கார்ந்தது.

கதை அதோடு முடியவில்லை. ஒரு பிரதி கிடைத்தால் இன்னொன்றைத் தேடுவதுதானே சுவடிக்காரர் வழக்கம்? டி.என். சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு கோலும் அவர் சகாக்களும் மற்ற தேசத்துக் கிருமிகளோடு ஒப்பிட்டார்கள். 2009-இல் தமிழ்நாடு, பிரேஸில், தாய்லாந்து, அமெரிக்கா ஆகிய நாலு இடத்துச் சுவடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நாலும் 99.995 சதவிகிதம் ஒன்றாக இருந்தன. 30 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளில் வித்தியாசம் இருந்த இடம் 215 தான்! செத்த ஜீன்களிலும் ஐந்தைத் தவிர மற்றவையெல்லாம் நாலு தேசத்திலும் ஒரே மாதிரி செத்திருந்தன. ஐயர் பாஷையில் சொன்னால், எல்லாம் ஒரே தாய் ஏட்டின் பிரதிகள். செல் அரித்ததெல்லாம் பிரதிகள் பிரிவதற்கு முன்பே.

அந்தச் சிறு வித்தியாசங்களை வைத்துக்கொண்டு கிருமி நடந்த பாதையையும் வரைந்து பார்த்தார்கள். 2005-இல் வெளியான ஆராய்ச்சி, இந்நோய் கிழக்கு ஆப்பிரிக்காவிலோ அல்லது மேற்கு ஆசியப் பக்கத்திலோ தோன்றி, மனிதர் குடிபெயர்ந்த வழியெல்லாம் கூடவே சென்றது என்றது. அமெரிக்கக் கண்டத்துக்கு அது போனது கடந்த 500 ஆண்டுகளுக்குள்தான்; கொண்டுபோனவர்கள் ஐரோப்பியரோ வட ஆப்பிரிக்கரோ. அலெக்ஸாந்தரின் சேனைதான் இந்தியாவிலிருந்து பெருநோயை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயிற்று என்று மேல்நாட்டுச் சரித்திரக்காரர்கள் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதாவது, வியாதிக்குப் பிறந்த வீடு நம் வீடு என்று. அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவு எளிதாக நிற்காது என்று இப்போது தெரிகிறது. நம் நாட்டில் இது மிகப் பழையது என்பதும் பொய்யல்ல: ராஜஸ்தானத்துப் பாலாத்தலில் தோண்டி எடுத்த, சுமார் 4,000 வருஷத்து எலும்புக்கூடு ஒன்றில் இந்நோயின் அடையாளங்கள் இருப்பதாக 2009-இல் அறிவித்தார்கள். 2013-இல் ஐரோப்பாவின் பழைய சமாதிகளிலிருந்து எடுத்த எலும்புகளில் கிருமியின் சுவடியையே வாசித்தபோது, ஆயிரம் வருஷத்தில் அது ஏறக்குறைய மாறவே இல்லை என்று கண்டார்கள். 2018-இல் இன்னும் பல பழைய பிரதிகள் கிடைத்தன. ஐரோப்பாவிலேயே ஒரே காலத்தில் பல கிளைகள் இருந்தது தெரிந்து, பிறந்த வீடு எது என்ற வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிட்டது. புதுச் சுவடி வந்தால் பழைய பாடம் திருத்தப்படும். அது ஆராய்ச்சியின் தோல்வி அல்ல, யோக்கியதை.

ஒரு விஷயம் மட்டும் எந்தப் பிரதி வந்தாலும் மாறாது. வியாபாரிகள் போன வழியில் இது போயிற்று. படைகள் போன வழியில் போயிற்று. அடிமைகளை ஏற்றிய கப்பலில் போயிற்று. ராஜா, குடியானவன், யோக்கியன், அயோக்கியன் என்று அது பார்க்கவில்லை. சுவடியில் 32 லட்சம் எழுத்துக்கு மேல் இருந்தும் பாவம் என்ற சொல் எங்கும் இல்லை.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம் என்று காரியவாதிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தட்டில் வளராத கிருமிக்கு மருந்து பலிக்கிறதா இல்லையா என்று சோதிப்பது முன்பெல்லாம் பெரும்பாடு; எலியின் பாதத்தில் கிருமியை ஏற்றி மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது சுவடியில் எந்த இடத்தில் எழுத்து மாறினால் எந்த மருந்து பலிக்காது என்பது தெரியும். நோயாளியின் தோலில் ஒரு துளி எடுத்து அந்த இடத்தை மட்டும் வாசித்தால் போதும். பார்க்ஹிலும் சகாக்களும் இதே வித்தையை வேறு கிருமிகளிடமும் காட்டினார்கள். 2011-இல் கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவமனையின் சிசுப் பிரிவில் மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி பச்சைக் குழந்தைகளை மாறி மாறித் தொற்றிக்கொண்டிருந்தது. கிருமிகளின் சுவடிகளை ஒப்பிட்டு, யாரிடமிருந்து யாருக்கு என்று சங்கிலியைக் கண்டார்கள்; தம்மை அறியாமலே கிருமியைச் சுமந்திருந்த ஊழியர் ஒருவர் அகப்பட்டார். அவருக்கும் சிகிச்சை கொடுத்தார்கள், தொற்று நின்றது. குற்றவாளியைத் தேடுவது வேறு, சங்கிலியைத் தேடுவது வேறு. நம் ஊரில் இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ள வெகு காலம் பிடித்தது.

எவ்வளவு காலம் என்று சட்டப் புத்தகத்தைக் கேளுங்கள். நோயாளிகளைப் பிடித்து அடைக்க வகை செய்த 1898-ஆம் வருஷத்துச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. புருஷனுக்கோ மனைவிக்கோ பெருநோய் வந்தால் அதையே காரணம் காட்டி விவாகத்தை ரத்து செய்யலாம் என்று பல திருமணச் சட்டங்களில் இருந்த வாசகம் 2019-இல்தான் எடுக்கப்பட்டது. மருந்து வந்து, கிருமியின் சுவடியையும் படித்து முடித்து, 18 வருஷங்களுக்குப் பிறகு! கிருமியின் சுவடியில் செத்த வாசகங்கள் இருப்பதைக் கண்டு வியந்தோமே, நம் சட்டச் சுவடியிலும் அந்த மாதிரி வாசகங்கள் இருந்திருக்கின்றன. கிருமியினுடையவை சாதுவானவை, செத்தவை செத்துக் கிடந்தன. நம்முடையவை செத்த பிறகும் மனிதரைக் கடித்துக்கொண்டிருந்தன.

நோயும் ஓய்ந்துவிடவில்லை. 2005-ஆம் வருஷக் கடைசியில் பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற எல்லையை இந்தியா எட்டியது. அதைக் கொண்டாடவும் செய்தோம். ஆனால் இன்றும் உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நம் நாட்டவர்கள். ஆரம்பத்திலேயே வந்தால் ஒரு வருஷ மருந்துக்குள் குணமாகிவிடும். தேமலைப் போல் ஒரு திட்டு, தொட்டால் உணர்ச்சி இல்லை, அவ்வளவுதான் ஆரம்பம். அதைப் போய் டாக்டரிடம் காட்டாமல் புடவைத் தலைப்பாலும் சட்டைக் கையாலும் மறைக்கச் சொல்வது கிருமி அல்ல, பழைய வெட்கம்.

தென்காசிக் கோயில் கோபுரத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. 1446-இல் விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் பொறித்தது. மற்ற அரசர்கள் கல்லில் தங்கள் வெற்றியை எழுதுவார்கள். கெடுதல் செய்பவனுக்குச் சாபம் எழுதுவார்கள். இவன் எழுதியது வேறு. இந்த ஆலயத்துக்கு என்றேனும் ஏதேனும் குறை நேர்ந்தால், அதை நேராக்கிக் காப்பாற்றுகிறவர் யாராயிருந்தாலும் அவரைத் தான் உலகறிய வணங்குவதாகச் சொல்லிவைத்தான். பெயர் தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவரை மணிமுடி தரித்தவன் கும்பிட்டிருக்கிறான். அந்தக் கோபுரம் இடையிலே சிதைந்து, மொட்டையாகப் பல காலம் நின்று, 1990-இல் ஒன்பது நிலையோடு எழும்பிற்று. கல்வெட்டு வீண்போகவில்லை.

அதே தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் இன்று வயலுக்கு நடுவே கம்ப்யூட்டர் வேலை நடக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் நினைத்தால், சாயங்காலம் வேலை முடிந்ததும் டி.என். சுவடியைத் திரையில் இறக்கி, ஆர்டெமிஸைக் கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பார்க்கலாம். சீமைக்குப் போக வேண்டியதில்லை. எவர் அனுமதியும் கேட்க வேண்டியதில்லை.

அப்படிப் பார்க்கிற எவருக்கும் ஒன்று நினைவிருக்க வேண்டும். அந்தச் சுவடி தமிழ்நாட்டில் ஒருவரின் உடம்பிலிருந்து வந்தது. அவர் ஆணா, பெண்ணா, எந்த ஊர், வீட்டார் அவரை வைத்துக்கொண்டார்களா, துரத்தினார்களா என்பது அந்த 32 லட்சம் எழுத்துகளில் எங்கும் இல்லை. தம் நோயிலிருந்து உலகத்துக்கு ஒரு புத்தகம் கிடைத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயம் இல்லை. பெயரைக் கண்டுபிடித்துப் பறை சாற்ற வேண்டாம். உயிரோடிருந்தபோது அவர் பெயரை ஊரார் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த தெருவில் ஒருவருக்கு மரத்துப்போன திட்டு ஒன்று இருக்கிறது என்று காதில் விழுந்தால், குரலைத் தாழ்த்தாமல், "ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள், குணமாகிவிடும்" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டில் ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வரலாம்.